வெறுந்தொட்டிலும் வீண்பழியும்

“ராசியில்லாதவள்!”

“பிள்ளை தங்காத வயிறு!”

“போன பிறவியில் எவள் பிள்ளையைப் பறித்தாளோ, இந்தப் பிறவியில் இவள் பிள்ளை போயிற்று!”

“நாகதோஷம்; இராமேசுவரம் சென்று நாகர் சிலை நாட்டினாலன்றித் தீராது!”

“முகங்கூடப் பார்க்காத பிள்ளைதானே! அடுத்த ஆண்டு இன்னொன்று பெற்றுக்கொண்டால் மறந்துபோகும்!”

இவை வசைமொழிகள் என்று எண்ணாதீர், தோழர்களே! பகைவர் வாயிலிருந்து பிறந்தவையும் அல்ல. ஆறுதல் மொழிகள்! திங்கள் பல சுமந்து, நோவெடுத்து, உயிரற்ற உடலைப் பெற்றெடுத்து, பால் கட்டிய மார்போடும் வெறுங்கையோடும் வீடு திரும்பும் தாய்க்கு, உற்றாரும் ஊராரும் உருக்கத்தோடு வழங்கும் ஆறுதல் மொழிகள்! ஆறுதலே இவ்வாறென்றால், அங்கே வசை எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

கருவிலேயே கரைந்த பிள்ளை, பிறக்கும்போதே உயிரற்றிருந்த பிள்ளை, பிறந்து சில நாழிகையோ சில நாளோ மூச்சுவிட்டு அடங்கிய பிள்ளை - இப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் படும் துயரைப்பற்றி மேடையிலே பேச்சில்லை, ஏட்டிலே எழுத்தில்லை, வீட்டுக்குள்ளே வாய் திறந்தால், “அதை ஏன் இப்போது கிளறுகிறாய்?” என்ற அதட்டல்! பேசாதிருப்பதே பெருந்தன்மை என்று கருதுகின்றனர் நல்லவர்கள். நல்லவர்கள் பேசாது விட்ட இடத்திலே புகுந்து, பழி பேசுகிறது மூடநம்பிக்கை. ஆகவேதான், பேச வேண்டும் என்கிறோம். பகுத்தறிவாளர் முன்வந்து பேச வேண்டும் என்கிறோம்.

எண்பது வயதுப் பாட்டனார் மறைகிறார். பந்தல் எழுகிறது, பறை முழங்குகிறது, ஊர் பலவற்றிலிருந்தும் உறவினர் வந்து திரள்கின்றனர். கட்டிப்பிடித்து அழ ஆள் உண்டு. ஒப்பாரி சொல்லக் கிழவியர் உண்டு. பதினாறாம் நாள் உண்டு. சுவரிலே படம் உண்டு. பேரன் ஒருவனுக்கு அவர் பெயரும் உண்டு. வாழ்ந்து முடித்தவருக்கு இத்தனையும் உண்டு, தவறில்லை. வாழத் தொடங்காத பிள்ளைக்கு? பந்தல் இல்லை, ஒப்பாரி இல்லை, பெயர் இல்லை, படம் இல்லை. துணியிலே சுற்றி, மாமனோ சிற்றப்பனோ எடுத்துச் சென்று, பொழுது சாயுமுன் ஒரு குழியிலே வைத்து மூடிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வருவர். தாய் மயக்கம் தெளிந்து எழும்போது எல்லாம் முடிந்திருக்கும். முகத்தைக் காட்டமாட்டார்கள், பார்த்தால் மறக்கமாட்டாளாம்! குழியைக் காட்டமாட்டார்கள், பெண் இடுகாட்டுக்கு வரலாகாதாம்! ‘எங்கே புதைத்தீர்கள்?’ என்று கேட்கும் உரிமைகூட, பெற்றவளுக்கு இல்லை!

அதன்பிறகு தண்டனைக் காலம் தொடங்குகிறது. வளைகாப்புக்கு அழைப்பில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டிலிடும் விழாவிலே அவள் போய் நின்றால் முகஞ்சுளிப்பு. பச்சைக் குழந்தையை அவள் கையிலே கொடுக்கத் தயக்கம். பிள்ளை இரண்டாம் முறையும் தவறிவிட்டாலோ, மாமியார் வீட்டுத் திண்ணையிலே மறுமணப் பேச்சு மெல்லத் தலைகாட்டும். களவாடியவனுக்குக்கூடத் தண்டனைக்கு முன் விசாரணை உண்டு; தன் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு விசாரணையே இல்லாமல் தண்டனை!

எங்கிருந்து வந்தது இந்த ஈரமின்மை?

மனுவின் பெயரால் வழங்கும் சாத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு வயது நிரம்பாமல் மாண்ட குழந்தையை அணிசெய்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கவேண்டுமாம். நெருப்பும் வேண்டாமாம், நீர்க்கடனும் வேண்டாமாம். காட்டிலே மரக்கட்டையைப் போட்டுவிட்டு வருவதுபோல் விட்டுவந்து, மூன்று நாள் தீட்டுக் காத்தால் போதுமாம்! கட்டை! தாயின் குருதியை உண்டு வளர்ந்த உயிரைச் சாத்திரக்காரன் ஒப்பிடத் தேர்ந்தெடுத்த பொருள் கட்டை! தீட்டு எத்தனை நாள் என்பதற்கு அங்கே கணக்கு உண்டு; பெற்றவள் நெஞ்சு எத்தனை நாள் துடிக்கும் என்பதற்கு அங்கே ஒரு சொல் இல்லை.

அதன் பக்கத்திலே வையுங்கள், புறநானூற்றின் 74ஆம் பாட்டை. சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக வழங்கும் பாட்டு அது. பிள்ளை இறந்து பிறந்தாலும், உருவமற்ற தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், அதை ஆளாக எண்ணாது ஒதுக்கிவிடாமல், வீரனுக்குச் செய்வதுபோல் வாளால் கீறி அடக்கம் செய்யும் மறக்குடி வழக்கத்தை அம்மன்னன் அதிலே நினைவூட்டுகிறான். அந்த வாள் நமக்கு வேண்டாம். அது போர்க்காலத்தின் மிச்சம். ஆனால் அந்த எண்ணம் வேண்டும். மூச்சுவிடாத பிள்ளையும் ஓர் ஆள். இந்தக் குடியிலே வந்து பிறந்த ஆள் என்று கணக்கிலே சேர்த்த மனம் வேண்டும்! கட்டையென்று கண்டது ஒன்று. ஆளென்று கண்டது மற்றொன்று. நம் வீடுகளிலே இன்று நடப்பது எது?

நம் நாட்டுக்கு மட்டுமே உரிய கொடுமை என்று எண்ணிவிட வேண்டாம். மதத்தின் பிடி இறுகிய இடமெல்லாம் இதே கதைதான். அயர்லாந்திலே, திருமுழுக்குப் பெறுமுன் மாண்ட குழந்தைகளுக்குக் கோயிற் கல்லறையிலே இடம் மறுக்கப்பட்டது. வயலோரத்திலும், கடலோரத்திலும், பாழிடத்திலும், பெரும்பாலும் இருளிலே, தந்தையர் அந்தச் சிற்றுடல்களைப் புதைத்தனர். ‘கில்லீன்’ எனப்படும் அந்தப் புதைகாடுகள் 20ஆம் நூற்றாண்டு வரையிலும் வழக்கிலிருந்தன. அத்தகைய குழந்தைகளும் மீட்படைவர் என்று நம்ப இடமுண்டு என வாத்திகனின் இறையியல் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது 2007இல்! எத்தனை நூற்றாண்டுத் தாய்மார் அழுது ஓய்ந்தபிறகு!

நம் பெயர்களையே பாருங்கள். குப்பு, குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் - ஊர்தோறும் உள்ள பெயர்கள். ஏன் வைத்தனர் இப்பெயர்களை? பெற்ற பிள்ளைகள் அடுத்தடுத்து மாண்டால், அதன்பின் பிறந்ததைக் குப்பையிலே புரட்டியெடுத்து, ‘இது மதிப்பற்ற பொருள், எமனே, எட்டிப் போ!’ என்று அவனை ஏமாற்ற வைத்த பெயர்கள் அவை. தவிட்டுக்கு விற்று, தவிட்டுக்கே திரும்ப வாங்கிய வழக்கமும் உண்டு. நகைப்புக்குரிய மூடத்தனந்தான், ஆனால் நகைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர். இவ்வாறு பெயர் பெற்ற ஒவ்வொரு குப்பம்மாளுக்கும் முன்பு, பெயரே பெறாத அண்ணனோ அக்காளோ மண்ணுக்குள் போயினர். அந்தத் தாய்க்கு வேறு எவரும் எந்த வழியும் காட்டாததால்தான், குப்பைமேடு அவளுக்குக் கோட்டையாயிற்று.

விதி என்கிறார்களே, அந்த விதியைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம்.

இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு, 2020ஆம் ஆண்டுக்கு உரியது, சொல்கிறது: உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில், ஓராண்டு நிரம்புமுன் மடிந்தவை இந்தியா முழுமைக்கும் 28, மத்தியப் பிரதேசத்தில் 43, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. வாளையாற்றைத் தாண்டினால் பிரமனின் எழுத்தாணி கூர்மழுங்கிப் போகிறதா? போன பிறவியிலே பாவம் செய்தவர்களெல்லாம் மத்தியப் பிரதேசத்திலே கூடிப் பிறந்து, புண்ணியவான்களெல்லாம் கேரளத்திலே இடம்பிடித்துக் கொண்டனரா? இல்லை, தோழர்களே! தாய் கற்றிருக்கிறாளா, சத்தான உணவு உண்டாளா, மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கிறதா, அங்கே மருத்துவரும் செவிலியும் இருக்கின்றனரா - இவைதாம் அந்த எண்களை எழுதுகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது தலையெழுத்தன்று. ஆட்சியும் சமுதாயமும் செய்த வேலையின் அளவு!

இறந்து பிறக்கும் குழந்தைகளின் கணக்கையும் கேளீர். உலக நாடுகள் அவையின் அமைப்புகள் கூடி 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டிலே, 28 வாரக் கருக்காலம் கடந்தபின் இறந்து பிறந்த குழந்தைகள் உலகெங்கும் ஏறத்தாழ 20 லட்சம். 16 நொடிக்கு ஒரு குழந்தை! இந்தியாவிலே மட்டும் ஏறத்தாழ 3.4 லட்சம், எந்த நாட்டைவிடவும் மிகுதி. அந்த 20 லட்சத்தில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டவை, பிள்ளைப்பேற்று நோவு தொடங்கியபின் மாண்டவை. அதாவது, நோவெடுக்கும் வரையில் உயிரோடிருந்த பிள்ளைகள்! தக்க கண்காணிப்பும், வேளைக்கு அறுவை மருத்துவமும் கிடைத்திருந்தால் அவற்றுள் மிகப்பல பிழைத்திருக்கும். இதைப் பாவத்தின் சம்பளம் என்பவன், பாவத்தைச் செய்தவனைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான்!

“பிள்ளை தங்காத வயிறு” என்று ஊர் தூற்றிய பெண்களுள் எத்தனை பேர், தங்கள் குருதியின் வகை அறியப்படாத காரணத்தால் பிள்ளைகளை இழந்தனரோ! தாயின் குருதியில் ஆர்எச் காரணி இல்லாமல், வயிற்றுப் பிள்ளையின் குருதியில் அது இருந்தால், முதற்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் தாயின் உடல் அந்தக் காரணிக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிக் கொள்ளும். அடுத்து வரும் பிள்ளைகளின் குருதியணுக்களை அந்த எதிர்ப்பொருள் சிதைக்கும். பிள்ளை வயிற்றிலேயே மடியும், அல்லது மஞ்சள் பூத்து மாளும். 1940 வாக்கிலே அறிவியல் இதைக் கண்டுபிடித்தது. 1968இல் தடுப்பு ஊசி வந்தது. எத்தனையோ தலைமுறை அரசமரம் சுற்றியும் தீராத ‘சாபம்’, ஓர் ஊசியிலே தீர்ந்தது!

தாயின் குருதிக் கொதிப்பு, நீரிழிவு, நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிடுதல், மேகநோய் போன்ற தொற்றுகள், பிள்ளையின் பிறவிக் குறை - இவையெல்லாம் பிள்ளையைக் கொல்லும் காரணங்கள். தொடக்க மாதங்களிலே கரு கலைவதில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் மரபுத்திரிகளிலே தற்செயலாக நேரும் பிழை. அவள் குடம் தூக்கியதும் காரணமன்று. பப்பாளி தின்றதும் காரணமன்று. கிரகணத்தன்று வெளியே வந்ததும் காரணமன்று. அதே வேளையில், “சொத்து வெளியே போகலாகாது, உறவு விட்டுப் போகலாகாது” என்று அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டிவைக்கும் வழக்கம், சில பிறவி நோய்கள் பிள்ளையைத் தாக்கும் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. அந்த முடிவை எடுத்தவர் யார்? அந்தப் பெண்ணா? முடிச்சுப் போட்டவர் பெரியவர். முறிந்தபோது பழி சுமப்பவள் அவள்!

ஆராய்ந்து பார்த்தும் காரணம் அகப்படாத இறப்புகளும் உண்டு. அந்த இடத்திலே, ‘தெரியவில்லை’ என்று சொல்ல அறிவியல் நாணுவதில்லை. எல்லாம் தெரிந்தவன்போல் ‘உன் பாவம்’ என்று சொல்லும் சோதிடனைவிட, ‘தெரியவில்லை, அம்மா, ஆனால் நீங்கள் காரணமல்ல’ என்று சொல்லும் மருத்துவர் ஆயிரம் மடங்கு நேர்மையானவர், ஆயிரம் மடங்கு அன்பானவரும்கூட!

இவ்வளவும் நம் தோழர்கள் பலர் அறிந்தவையே. மன்றத்திலே முழங்கவும் கூடியவையே. ஆனால் இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது; அந்தக் கேள்வி வைதீகரை நோக்கியதன்று; நம்மை நோக்கியது.

தெருக்கோடியிலே ஒரு வீட்டில் பிள்ளை இறந்து பிறந்திருக்கிறது. அங்கே முதலில் போய்ச் சேருபவர் யார்? பரிகாரம் சொல்லும் சோதிடர் போகிறார். தாயத்துக் கட்டுபவர் போகிறார். செபக் கூட்டத்துக்கு அழைப்பவர் போகிறார். பகுத்தறிவாளர் போகிறாரா? போகிறவரும் என்ன சொல்கிறார்? “இது இயற்கை நிகழ்ச்சி; மனத்தைத் தேற்றிக்கொள்; விதியென்று எண்ணாதே” என்று இரண்டு வரி அறிவுரை கூறிவிட்டு எழுந்து வருகிறார். சொன்னது உண்மைதான். ஆனால் வீடு தீப்பற்றி எரியும்போது, தீயின் இயல்பைப்பற்றி விரிவுரை ஆற்றுபவனை யார் மதிப்பர்? விதி என்ற பொய்யை அகற்றுவது பாதி வேலை. அகற்றிய இடத்திலே மனிதத் துணையைக் கொண்டுபோய் நிறுத்துவது மறுபாதி. முதற்பாதியோடு நின்றுவிட்டால், வெற்றிடத்திலே மீண்டும் வந்து உட்காருவான் பழைய வாடகைக்காரன்!

“மதமாவது ஆறுதல் தருகிறதே! பிள்ளை மீண்டும் அதே வயிற்றில் வந்து பிறக்கும் என்று நம்பும் தாயிடமிருந்து அந்த நம்பிக்கையையும் பறிக்கப் போகிறீர்களா?” என்று கேட்பார் உண்டு. அழுதுகொண்டிருக்கும் தாயின் கையிலிருந்து எதையும் பறிப்பது நம் வேலையன்று. அவளோடு வாதிடுவது பகுத்தறிவும் அன்று. நம் வாதமெல்லாம் விற்பவனோடு; வாங்கியவளோடு அல்ல. விற்பவனிடம் கேட்போம்: ‘மீண்டும் பிறக்கும்’ என்று எழுதிய அதே கணக்கேட்டின் மறுபக்கத்தில்தானே, ‘போன பிறவியில் இவள் பாவம் செய்தாள்’ என்றும் எழுதியிருக்கிறது? ஆறுதலை இலவசமாகக் கொடுப்பதுபோல் கொடுத்து, குற்ற உணர்ச்சியை விலையாகப் பெற்றுக்கொள்கிறாயே, அது என்ன வாணிகம்?

கடவுளையும் கர்மத்தையும் நடுவே நிறுத்தாமலே ஆறுதல் தர இயலுமா? இயலும். செய்து காட்டியிருக்கின்றனர். இங்கிலாந்திலே 1970களில், இறந்து பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டாமல் எடுத்துச் செல்வதே மருத்துவமனைகளில் பெருவழக்கு. எழுத்தாளர் பெல் மூனி, இறந்து பிறந்த தம் மகனைப்பற்றி 1976இல் ‘கார்டியன்’ நாளேட்டிலே வெளிப்படையாக எழுதினார். அதுவரை வாய்மூடியிருந்த பெற்றோர் பலர் வாய் திறந்தனர். 1978இல், பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலரே கூடி ‘சாண்ட்ஸ்’ என்ற அமைப்பை நிறுவினர். இழந்தவர் வீட்டுக்கு இழந்தவரே சென்றனர். பிள்ளையைப் பார்க்கவும், மடியிலே வைத்துக்கொள்ளவும், பெயரிடவும், விரும்பும் பெற்றோருக்கு உரிமை வேண்டும் என்று கேட்டனர். கண்ணீரோடு நின்றுவிடவில்லை அவர்கள், கண்ணீரைக் கோரிக்கையாக்கினர். பின்னர் 2020 ஏப்ரல் முதல், அந்நாட்டிலே பிள்ளையை இழந்த பணியாளருக்கு, தாய்க்கும் தந்தைக்கும், இரண்டு வார விடுப்பு சட்டமாயிற்று. 24 வாரத்துக்குப் பின் இறந்து பிறந்தாலும் அது பொருந்தும். நியூசிலாந்து 2021இல், கரு கலைந்தாலும் இருவருக்கும் மூன்று நாள் ஊதியத்தோடு துயர் விடுப்பு என்று சட்டம் செய்தது.

நம் நாட்டுச் சட்டம் ஊமையன்று. ஆனால் அதை உரக்கப் படிப்பாரில்லை. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டமே, ‘குழந்தை’ என்ற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தது. கரு கலைந்த பெண்ணுக்கு ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த ஆறு வாரம் இருக்கிறது. பிள்ளை இறந்து பிறந்தாலோ, பிறந்த 28 நாளுக்குள் இறந்தாலோ, மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 60 நாள் தனிவிடுப்பு என்று 2022 செப்டம்பரில் ஆணை பிறந்தது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, ‘பிறப்பு’ என்பது உயிருடன் பிறந்ததையும் இறந்து பிறந்ததையும் குறிக்கும் என்றே விளக்கம் தருகிறது. மனு கட்டையென்றான், குடியரசின் சட்டம் பிறப்பென்கிறது!

ஆனால், எத்தனை பெண்களுக்குத் தெரியும் இது? நூற்பாலையிலே வேலை செய்பவள், கரு கலைந்த மறுவாரமே தறியண்டை நிற்கிறாள், கேட்டால் வேலை போய்விடுமென்று. சித்தாளுக்கும், நாற்று நடுபவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் ஊதியத்தோடு விடுப்புத் தருவார் எவர்? தந்தைக்கோ அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடமில்லை, புதிய தொகுப்பிலும் இடமில்லை. ஆண்மகன் அழலாகாது என்று ஊர் சொல்கிறது; அழ நேரமில்லை என்று முதலாளி சொல்கிறான். பிள்ளையைத் தன் கையாலேயே குழியில் இட்டுவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு வந்து நிற்பவனுடைய நெஞ்சை யார் கேட்டார்?

மருத்துவமனைக்குள்ளே வாருங்கள். பிள்ளையை இழந்தவளுக்கும் படுக்கை, பிள்ளை பெற்றவர்களின் நடுவே! இடப்பக்கம் ஒரு குழந்தையின் அழுகை, வலப்பக்கம் ஒரு தாலாட்டு. நடுவிலே, கட்டிய பால் மார்பிலே கனக்க, சுவரை நோக்கித் திரும்பிப் படுத்திருக்கிறாள் ஒருத்தி. பால் வற்ற மல்லிகைச் சரத்தை மார்பிலே வைத்துக் கட்டுவது நம் பாட்டியர் கைமருந்து. வேலூர் மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, பயனுண்டு என்று 1988இல் எழுதினர். பழையது என்பதற்காக எதையும் தள்ளவில்லை நாம். சோதனையில் தேறியதைக் கொள்கிறோம். ஆனால், பூவைக் கட்டிவிடும் கை ஒரு சொல்லும் சொல்லலாகாதா? ‘உன் மகளைப் பார்க்கிறாயா, அம்மா?’ என்று ஒரு முறை கேட்கலாகாதா? 2023 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் தத்தளித்த நாளிலே, இறந்து பிறந்த ஒரு குழந்தையின் உடலை அட்டைப் பெட்டியிலே வைத்துத் தந்தையிடம் தந்த செய்தி நாளேடுகளிலே வந்தது. ஊழியர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓர் ஊழியரை நீக்கினால், அந்த உடலைக் கட்டையென்று காணும் கண்ணும் நீங்கிவிடுமா?

ஆகவே, தோழர்களே, கோரிக்கைகளை வகுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், பிள்ளையை இழந்த தாய்க்குத் தனியறை; இயலாத இடத்தில் தனித் தடுப்பாவது வேண்டும். பிள்ளையைப் பார்க்க, தொட, பெயரிட, விரும்பும் பெற்றோருக்கு வழிசெய்ய வேண்டும், விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. காரணத்தை ஆராய்ந்து, அவர்களுக்குப் புரியும் தமிழிலே சொல்லி, அடுத்த பேற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதித் தரவேண்டும். உடலைத் துணியிலோ சிறு பேழையிலோ மதிப்போடு தரவேண்டும். அமைப்புக்கு வெளியே உழைக்கும் பெண்களுக்கும் அந்த ஆறு வாரம் ஊதியத்தோடு கிடைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். தந்தைக்கும் துயர் விடுப்பு வேண்டும். இவற்றை மேடையிலே கேளுங்கள், மனுவாக எழுதுங்கள், சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்துக் கொடுங்கள்.

அரசு செய்யும்வரை காத்திராமல், நாமே இன்று தொடங்கக்கூடியவை உண்டு. ஒவ்வொரு மன்றத்திலும், ஒவ்வொரு படிப்பகத்திலும், ஆணும் பெண்ணுமாக நால்வர், ஐவர் ஓர் ஆறுதல் குழுவாகச் சேருங்கள். பிள்ளையை இழந்த அனுபவமுடையவர் எவரேனும் விரும்பி வந்தால், அவரை முன்னிறுத்துங்கள். அவர் சொல்லுக்கு உள்ள வலிமை நம் சொற்பொழிவுக்கு இல்லை. செய்தி எட்டியதும் அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். அறிவுரை வேண்டாம், அடுத்த பிள்ளையைப்பற்றிய பேச்சு வேண்டவே வேண்டாம். ‘பிள்ளைக்கு என்ன பெயர் எண்ணியிருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். சொன்னால், அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். நான்கு நாள் சோறு ஆக்கிக் கொடுங்கள். தாய் இடுகாட்டுக்கு வர விரும்பினால், அவள் இருபுறமும் நம் வீட்டுப் பெண்கள் நடந்து செல்லட்டும். தடுப்பவர் யாரென்று பார்ப்போம். பதிவு அலுவலகத்துக்கும், விடுப்பு விண்ணப்பத்துக்கும், உடன் சென்று எழுதிக் கொடுங்கள். மாதம் ஒன்று கடந்தும் உறக்கமின்றி, உணவின்றி, உயிரே வேண்டாம் என்பதுபோல் அவள் வாடினால், பேயோட்டியிடம் இழுத்துச் செல்லவிடாமல், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லாரும் மறந்துவிட்ட ஓராண்டின் முடிவிலே, அந்த நாளை நினைவில் வைத்து மீண்டும் ஒருமுறை போய் வாருங்கள்.

நம் இல்லத்து வளைகாப்புக்கு அவளுக்கு முதல் அழைப்பு செல்லட்டும். நம் குழந்தையை அவள் மடியிலே முதலில் வையுங்கள். ‘ராசி’ என்ற பொய்யை ஆயிரம் கூட்டத்திலே தாக்கிப் பேசுவதைவிட, நம் பிள்ளையை அவள் கையிலே கொடுக்கும் ஒரு செயல் அதை ஆழக் குழிதோண்டிப் புதைக்கும்.

“சாதி ஒழிய வேண்டும், பசி தீர வேண்டும், ஆயிரம் வேலை கிடக்கிறது, இது சிறு செய்தி அல்லவா?” என்று சலிப்பவர் இருக்கலாம். பசித்தவள் வயிற்றில்தான் பிள்ளை மெலிகிறது. மருத்துவமனை எட்டாத சேரியிலும் மலையூரிலுந்தான் நோவெடுத்தவள் வழியிலே துடிக்கிறாள். வேலையும் சோறும் இல்லாதவளைத்தான் பழி எளிதாகப் பற்றுகிறது. அந்த ஆயிரம் வேலையும் வந்து கூடும் இடம் இந்த வெறுந்தொட்டில்!

இந்தக் கிழமையே, உங்கள் தெருவிலே அப்படியொரு வீடு உண்டா என்று விசாரியுங்கள். உண்டெனில், சோதிடன் அங்கே போய்ச் சேருமுன் நீங்கள் போய்ச் சேருங்கள்.